மழைக்கு முன்பு இட வேண்டிய மருந்து

வீட்டில் புல்தரை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் களையைப் பற்றி மழைக்குப் பிறகுதான் யோசிக்கிறார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிடும். தலைகாட்டிய களையைப் பிடுங்கலாம், வெட்டலாம். ஆனால் அது ஏற்கெனவே வேர் விட்டிருக்கும். களை வராமலே தடுக்கிற மருந்துக்கு வருடத்தில் ஒரு பருவம்தான் உண்டு. நம் திருவனந்தபுரத்தில் அது ஆற்றுக்கால் பொங்காலை முடிந்த மறுவாரம். மாசி வெயிலில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும். விதைகள் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். முதல் கோடை மழை எந்தச் சாயங்காலமும் இறங்கலாம். அதற்கு நாலைந்து நாள் முந்தியே மருந்துப் பொடியை ஆற்று மணலில் கலந்து, விதைப்பதுபோலத் தரை முழுவதும் சீராகத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். முளை வெளியே வருவதற்குள் கருகிவிடும்.

ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். நான் தேர்ந்தெடுக்கவில்லை, சார். மருந்து தூவ வேண்டிய நாள் அது. அவன் வருகிற நாள்.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத விட்டதற்கு நன்றி. மலையாளம் எனக்கு நன்றாகவே எழுத வரும். ஆனாலும் முப்பத்தொரு வருடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்த கை இது. ஒரு விஷயத்தை வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் வருகிறது.

என் பெயர் ராகேல். வயது அறுபத்தொன்று. பேரூர்க்கடைக்குப் பக்கத்தில், சரிவான பதினெட்டு சென்ட் நிலத்தில் எங்கள் வீடு. கணவர் ராஜமணி மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்தார். வீட்டுக்கு முன்னால் மரவள்ளி போட வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கேட்காமல் எருமைப்புல் பதித்தார். அது பிடித்து வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். பிறகு அந்தப் புல்லை நானே பார்த்துக்கொண்டேன். அதையும் ஜினியையும்.

ஜினி என் ஒரே மகள். முப்பத்துமூன்று வயது. பல்கலைக்கழக அலுவலகத்தில் அசிஸ்டென்ட். அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் நான் தட்டிக்கழித்ததாகச் சபையில் பேச்சு உண்டு. உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பதில் எழுதுவதற்குக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு பெண்ணைக் கொடுப்பது என்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். மூன்று மாதம் பொறுக்க முடியாதவர்கள் முப்பது வருடம் அவளை எப்படிப் பொறுப்பார்கள்? அவர்களே வேறிடம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் ஜினி இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். மூன்றாம் நாள் எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் நறுக்குவாள். எங்கள் வீடு சந்தோஷமான வீடு, சார்.

சுவாமிதாஸ் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது மூன்று வருடம் முந்தி. சாலை பஜாரில் விதையும் பூச்சிமருந்தும் விற்கிற ஒரு கடையில் வேலை. ஊர் களியக்காவிளைப் பக்கம். அதற்கு முன்பு எனக்கு மருந்து தூவித் தந்த பெரியவருக்குக் கால் முடியாமல் போனதால் கடைக்காரர் இவனை அனுப்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தான். புல்லில் முட்டி போட்டு, விரலால் மண்ணைக் கிளறி மோந்து பார்த்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அதை மறைக்கவில்லை.

"டீச்சரே, ஒரு தடவ இட்டா போராது கேட்டியளா? இந்த மருந்து எட்டு ஆழ்ச்சதான் மண்ணுல நிக்கும். அதுக்குப் பொறவு பழைய கததான்" என்றான்.

"முன்ன வந்தவரு வருசத்துக்கு ஒரு தடவதானே போட்டாரு?"

"அதான் டீச்சரே, ஒங்க புல்லுக்க எடையில தொட்டாவாடி சிரிச்சிட்டு நிக்கி."

தொட்டாற்சுருங்கியைத்தான் அப்படிச் சொன்னான். உள்ளே ஜன்னல் பக்கத்தில் நின்ற ஜினிதான் சிரித்தாள்.

"கொஞ்சம் சிரிக்கட்டும் விடுங்க" என்றாள் அவள், ஜன்னலுக்குள் இருந்தபடியே. "எங்க அம்மைக்கு மனுசர விடப் புல்லாக்கும் வலுது. தொட்டாவாடியாவது சிரிச்சா என்ன?"

"சிரிச்சா முள்ளு குத்தும் பாத்துக்கிடுங்க" என்றான் அவன், ஜன்னலைப் பார்க்காமல்.

எட்டு வாரக் கணக்கு பொய்யில்லை. அந்த வகை மருந்துகளுக்கு வீரியம் அவ்வளவுதான். அதனால் நான் ஒத்துக்கொண்டேன். மாசியில் ஒன்று, இடவப்பாதி மழைக்கு முன்னால் வைகாசியில் ஒன்று. அடுத்த வருடம், துலா மழை வருகிறதே டீச்சரே என்று ஐப்பசிக்கும் ஒன்று சேர்த்தான். பிறகு ஆவணியிலும் வந்தான். தாவரவியல் படித்த எனக்கு அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவன் அத்தனை அக்கறையாகச் செய்தான். வரும்போதெல்லாம் கிணற்றடியில் கையையும் காலையும் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பின்பக்க வராந்தாவுக்கு வந்து, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற நன்னாரி சர்பத்தைத் தானே எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கலக்கிக் குடிப்பான். அந்த உரிமையை நான்தான் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து நான் பத்திரிகை படிப்பேன். எங்கள் வீட்டில் ஓர் ஆண் குரல் கேட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

போன கார்த்திகை மாதம் ஒருநாள் பழைய காலண்டர்களை எடுத்துக் கட்டினேன். அவன் வந்த நாள்களில் நான் 'மருந்து' என்று எழுதி வைப்பது வழக்கம். அதே கட்டங்களில் ஜினியின் கையெழுத்தில் சின்னதாக 'லீவ்' என்று இருந்தது. எல்லா நாளிலும் இல்லை. மாசியிலும் வைகாசியிலும் இல்லை. ஆவணியிலும் ஐப்பசியிலும் இருந்தது.

நான் அவசரப்படுகிறவள் அல்ல. வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்வேன், சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று. அவன் ஐப்பசியில் கலந்து தூவியதில் மிச்சம் ஒரு வாளியில் இருந்தது. மாசியில் தூவியதில் மிச்சமும் ஷெட்டில் கட்டி வைத்திருந்தேன். இரண்டு மண்சட்டிகளில் ஒன்றுபோல் மண் நிரப்பி, அரைக்கீரை விதை போட்டு, ஒன்றில் மாசிக் கலவையும் மற்றதில் ஐப்பசிக் கலவையும் தூவி, ஒரே அளவு தண்ணீர் தெளித்தேன். நாலாம் நாள் காலையில் ஐப்பசிச் சட்டியில் பச்சைப் பசேலென்று கீரை முளைத்திருந்தது. மாசிச் சட்டி வெறும் மண்ணாகவே கிடந்தது.

அவன் என் தரையில் வெறும் ஆற்று மணலைத் தூவியிருக்கிறான், சார். ஆவணியிலும் ஐப்பசியிலும், ஒரு வருடமாக. நான் அதன்மேல் பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஜினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் மாணவர்களுக்கு விதை முளைப்பதைப் பற்றிப் பாடம் நடத்தியவளை, இரண்டு பேரும் சேர்ந்து மணலுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டி முன்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கணவர் இறந்தபோதுகூட அப்படி உட்காரவில்லை. இறந்து போகிறவர்கள் நம்மை ஏமாற்றுவதில்லை.

ஜினிக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவள் வந்ததும் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"மக்களே, எனக்கிட்ட சொல்லவேண்டியது ஏதாவது உண்டா?"

"என்ன சொல்ல?"

"எதானாலும்."

அவள் டம்ளரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அம்மா. காப்பி கொள்ளாம்."

நன்றாக இருக்கிறது என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வாரம் கழித்து அந்த ஐப்பசிக் கீரையைக் கிள்ளிக் கூட்டு வைத்தேன். ஜினி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியாது. கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். கடைக்காரரிடம் சொல்லி அவனை நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் யோசித்தேன். சண்டை போட்டால் ஜினி அவன் பக்கம் சாய்வாள். நிறுத்தினால் வெளியே சந்திப்பார்கள். காரியம் அதுவரை பேச்சும் சிரிப்புமாகத்தான் இருக்கிறது, மண்ணுக்குள்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். ஒரு பெண்ணின் மனசில் வேர் பிடிப்பதற்கு முந்தியே அதை இல்லாமல் செய்துவிட்டால் அவளுக்கு அவ்வளவாக நோகாது. இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். மூன்றாம் நாள் சரியாகிவிடும். எப்போதும் அப்படித்தான்.

இப்போது குப்பிகளைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் நான் உங்களிடம் சொன்னது, குப்பி இடம் மாறியிருந்தது எனக்குத் தெரியாது என்று. அது உண்மையில்லை.

கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் எங்கள் வீட்டில் கல் பாவிய பாதை. கல் இடுக்கில் வருகிற புல்லைப் பொடி தடுக்காது. அதை எரிப்பதற்குக் கடையில் மீதமாகிற ஒரு திரவத்தைச் சுவாமிதாஸ் கொண்டுவந்து வைத்திருந்தான். எங்கள் வீட்டுப் பழைய சர்பத் குப்பி ஒன்றிலேயே ஊற்றி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான். "இது ஆளக் கொல்லும் டீச்சரே, சிவப்பு நூலு கண்டா தொடப்பிடாது" என்று எனக்கும் ஜினிக்கும் சொல்லியும் கொடுத்தான். கடைகளில் அப்படித்தான் வழக்கமாம். நிறம் ஏறக்குறைய நன்னாரி நிறம்தான்.

பொங்காலை முடிந்து ஆறாம் நாள், சனிக்கிழமை, அவன் வந்தான். ஜினி வீட்டில்தான் இருந்தாள்; மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் காலையிலேயே மேல்தட்டுக் குப்பியைக் கீழேயும் கீழ்த்தட்டுக் குப்பியை மேலேயும் வைத்திருந்தேன். நூலைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். அதைத்தான் நீங்கள் என் தையல் டப்பாவில் கண்டுபிடித்தீர்கள். நல்ல நூலை வீசியெறிய எனக்கு மனசு வராது.

அந்த மாசி மருந்து சுத்தமான மருந்து. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மாசியில் அவன் ஒருபோதும் ஏமாற்றவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் தூவினான். நான் பூவாளியோடு பின்னால் நடந்தேன். "இந்த வருசம் ஒரு களை தல நீட்டாது டீச்சரே, நான் வாக்கு சொல்லுகேன்" என்றான். பிறகு கிணற்றடிக்குப் போனான். மூன்று தரம் சோப்புப் போட்டான். வராந்தாவுக்கு வந்து மேல்தட்டுக்குக் கையை நீட்டினான். நான் பத்திரிகையில் இருந்தேன்.

அவனுக்கு நான் எதையும் ஊற்றிக் கொடுக்கவில்லை. இதை இதற்கு முன்பும் உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனே எடுத்தான், அவனே கலந்தான், அவனே குடித்தான்.

ஆனால் ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினான். முகத்தைச் சுளித்தான்.

"டீச்சரே, இதுல என்னமோ ஒரு வாட அடிக்கே?"

நான் பத்திரிகையிலிருந்து நிமிர்ந்து, "சுக்கு தட்டிப் போட்டிருக்கேன். வெயிலுக்கு நல்லது. குடி" என்றேன்.

"டீச்சரு சொன்னா பின்ன கொணம் இல்லாம இருக்குமா" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அவன் கேட்டுவரைக்கும் போகவில்லை. பாதையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஜினி மாடியிலிருந்து ஓடிவந்தாள். ஆட்டோ பிடித்ததும் நான்தான். போகும்போது மருந்துப் பொடி வந்த பாக்கெட்டை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அதைத்தான் காட்டினேன். முகமூடி போடாமல் தூவினான், காற்றில் உள்ளே போயிருக்கும் என்றேன். அந்தப் பொடி மனிதரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அவர்கள் அதற்கு ஏற்ற வைத்தியம் செய்து, பயப்பட வேண்டாம் என்றார்கள். வேறு மருந்து ஏதாவது பட்டதா என்று இரண்டு தரம் கேட்டார்கள். இல்லை என்றேன். முதல் சில மணி நேரத்துக்குள் தெரிந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்களாம். எதற்கும் ஒரு நேரம் உண்டு. அது எனக்குத் தெரியாததல்ல.

அன்றைக்கு அங்கே நடந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, நோயாளிக்கு நீங்கள் யார் என்று மலையாளத்தில் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜினி, "பார்யா" என்றாள். மனைவி.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஜினி கையெழுத்துப் போட்டாள். என் பெயரை முதலெழுத்தாகப் போட மாட்டாள், அப்பா பெயரைத்தான் போடுவாள், அது எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்த எழுத்தும் இல்லை. ஜினி சுவாமிதாஸ் என்று இருந்தது.

"எப்பம்?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில. ரிஜிஸ்டர் ஆபீசுல" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஒங்கிட்ட கேட்டா நீ வேண்டாம்னு சொல்லமாட்ட அம்மா. யோசிக்கணும்னு சொல்லுவ. நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள நான் கெழவியாயிருவேன். ஈஸ்டருக்கு ரெண்டுபேரும் வந்து ஒனக்க கால்ல விழலாம்னு இருந்தோம்."

ஐப்பசியில் முடிந்துவிட்டது. நான் மாசியில் செய்திருக்கிறேன். நாலு மாதம் பிந்திவிட்டது, சார். முளைத்து, வேர்விட்டு, வெளியே வந்து நின்றதன்மேல் போய் முளைக்காமல் தடுக்கிற மருந்தை இட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருட ஆசிரியை செய்கிற தப்பா இது? ஒரு வார்த்தை அவள் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்தக் குப்பியைத் தொட்டிருக்கவே மாட்டேன். கல்யாணம் ஆன ஒருவனை, என் சொந்த மருமகனை, யாராவது அப்படிச் செய்வார்களா? அவளுடைய மறைப்புதான் இதையெல்லாம் செய்தது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசைப்படி பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

அப்போதாவது டாக்டரிடம் குப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அப்போது இன்னும் நேரம் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் எழும்பவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. எல்லாரும் அவனைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் அவன் தெளிவாக இருந்தான். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். நான் கஞ்சி கொண்டுபோனேன். "மருமகன்னு இப்பந்தானே தெரிஞ்சுது டீச்சரே, அதுக்குள்ள கஞ்சியா, கோழி வேண்டாமா" என்று கேலி செய்தான். ஜினி அவன் கையைக் கிள்ளினாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாலாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. பதினோராம் நாள் போய்விட்டான்.

போவதற்கு முன்பு ஜினியிடம் பேசியிருக்கிறான். வேறொன்றும் குறையாகச் சொல்லவில்லை. டீச்சர் சர்பத்தில் சுக்குப் போட்டது மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னானாம். எங்கள் வீட்டில் நன்னாரியில் யாரும் சுக்குப் போட மாட்டோம். ஜினிக்கு அது தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்கு வந்து நேராக அந்த அலமாரிக்குப் போனாள். இரண்டு குப்பியையும் எடுத்து மோந்து பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். பெற்ற தாயிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல், குப்பிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாள்.

இரண்டாவது தடவையாக என் மகள் எனக்குத் துரோகம் செய்தது அப்போதுதான். ஆனாலும் அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள்தான்.

ஆகவே, குப்பிகளை மாற்றி வைத்தது நான். நூலை அறுத்தது நான். அவன் நிறுத்தியபோது குடிக்கச் சொன்னது நான். டாக்டரிடம் பொய் சொன்னதும் நான். சுவாமிதாஸ் சாக வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். இதை யாரும் என்னை வற்புறுத்தி எழுத வைக்கவில்லை. நீங்கள் எல்லாரும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஜினி மயங்கி விழுந்தபோது, அவனுடைய தாய் அவள் வயிற்றை அணைத்துப் பிடித்ததை நான் பார்த்தேன். உங்கள் பெண் போலீசாரும் நேற்று அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் முடிந்து மூன்றாம் மாதமாம். இப்போது அவள் களியக்காவிளையில் அந்த வீட்டில் இருக்கிறாள். வயசான விதவை, ஓட்டு வீடு, கிணறு தூரம். அங்கே வைத்து அவளை யார் கவனிப்பார்கள்? எங்களில் ஏழாம் மாதம் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது முறை. தலைப்பிரசவம் தாயின் கையில்தான் நடக்க வேண்டும். கணக்குப்படி ஜூலையில் ஏழாம் மாதம் பிறக்கிறது. அதற்குள் இந்தக் கேஸ் வேலைகளை முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால், நானே ஒரு கார் பிடித்துப் போய் அவளை அழைத்து வந்துவிடுவேன். முதலில் வர மாட்டேன் என்றுதான் சொல்வாள். அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புருஷனும் போய்விட்டான், யோசித்துப் பாருங்கள் சார், என் மகளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?